க்ளைவ் டவுஸின் பேனா

2016 ஜூன் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, வட கடலோரம் இருக்கும் எங்கள் மார்ல்பி ஊரில், முந்தின நாள் வாக்குப் போட்டிருந்த இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு பேருக்கும் எழுதுகிற கையின் கட்டை விரல் நிறம் மாறியிருந்தது. பேனாவால் குறி போட்டவர்களுக்கு நீலம். வாக்குச்சாவடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலால் போட்டவர்களுக்குச் சாம்பல். கறுப்பு மைப் பேனா கொண்டுபோயிருந்தவர் தபால்காரர் ஒருவர்தான், அவருக்குக் கறுப்பு. ஒற்றை ஆள் என்பதால் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்று ரொட்டி விலையும் பால் விலையும் மாறவில்லை. பவுண்டு நாணயத்தின் மதிப்பு மட்டும் விழுந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். விரல் வலிக்கவில்லை, வீங்கவில்லை, சோப்புக்கும் போகவில்லை. உங்கள் ஊரில் வாக்குச்சாவடியிலேயே விரலில் மை வைத்து அனுப்புவார்கள், அது சில வாரத்தில் அழிந்துவிடும். எங்கள் நாட்டில் மை வைக்கிற வழக்கமே கிடையாது. பக்கத்து ஊர்களில் யாருக்கும் இப்படி ஆகவில்லை, நாங்கள் ஆள் அனுப்பிப் பார்த்தோம். அவர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பென்சில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாக்குச் சீட்டில் பென்சிலால்தான் பெருக்கல் குறி போடுகிறோம். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐரோப்பாவோடு இருப்பதா விலகுவதா என்று கேட்ட அந்த ஆண்டில்தான், அரசாங்கத்து ஆட்கள் விடிய விடிய ரப்பரோடு உட்கார்ந்து குறிகளை அழிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. எங்கள் ஊரில் அதைக் கிளப்பியவர் க்ளைவ் டவுஸ், குழாய் வேலை செய்பவர், அறுபதை நெருங்கியவர், ‘போவோம்’ கட்சியின் ஊர்க் குழுவுக்குத் தலைவர். “பேனா ஒண்ணும் யானை விலை இல்ல. அப்புறம் எதுக்குப் பென்சில் வைக்கிறான்? அழிக்கத்தானே வைக்கிறான்,” என்று மதுக்கடையிலும், மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்திலும், மேவிஸின் வறுத்த மீன் கடை வரிசையிலும் நின்று சொன்னார். சொன்னதோடு விடாமல் பெட்டி பெட்டியாக நீலப் பேனா வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். “நம்ம ஆளுங்க எல்லாம் பேனா. ‘இருப்போம்’னு சொல்றவன்தான் அரசாங்கத்துப் பென்சில நம்புவான். பாத்தாலே தெரிஞ்சுடும்,” என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை க்ளைவின் கட்டை விரல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அது எப்படி ஆயிற்று என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள், மூன்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு க்ளைவும் அவர் மனைவி பெரிலும் மெதடிஸ்ட் மண்டபத்து வரிசையில் நின்றார்கள். பெட்டியில் மிஞ்சிய கடைசிப் பேனாவையும் க்ளைவ் வாசலில் யாருக்கோ கொடுத்திருந்தார். சட்டைப் பையில் அவருடைய சொந்தப் பேனா மட்டும் இருந்தது, இருபது வருடமாக வேலைக் குறிப்பு எழுதுகிற பேனா. பெரில் கையை நீட்டி, “க்ளைவ், உன் பேனாவக் குடு,” என்றார். “போட்டுட்டு எங்கிட்ட குடுத்துடு,” என்று அவரும் கொடுத்தார். அடுத்தடுத்த மறைவுகளில் இருவரும் நின்றார்கள். க்ளைவ் தடுப்புக்கு மேலே கையை நீட்டியபோது தேர்தல் அதிகாரி பார்த்துவிட்டார். அவர் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள்.

“மிஸ்டர் டவுஸ், தடுப்புக்கு மேல கை போகக் கூடாது. உங்க முன்னாடியே பென்சில் இருக்கு.”

“அந்தப் பென்சில்ல நான் போட மாட்டேன், மேடம்.”

“அப்ப போடாம போங்க. வெளிய வரிசை நிக்குது.”

நாலு நிமிடம் அவர் சீட்டோடு நின்றார். பிறகு பென்சிலை எடுத்தார். ஒரே குறியின் மேல் மூன்று தடவை அழுத்திப் போட்டதாக அவரே பின்னால் சொன்னார்.

மறுநாள் ‘போவோம்’ கட்சி நாடு முழுக்க ஜெயித்த செய்தி வந்தது. பிரதமர் பதவி விலகப்போவதாகச் சொன்னார். மதியம் மதுக்கடையில் கொண்டாட்டம். க்ளைவ் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினார், கோப்பையைச் சுற்றியிருந்த கட்டை விரல் சாம்பலாக இருந்தது. முதலில் பார்த்தவர் ரோலண்ட் ஹேவர். இரும்புச் சாமான் கடைக்காரர், குழுவில் க்ளைவுக்கு அடுத்த இடம் அவருக்கு.

“ஏம்ப்பா க்ளைவ், அது என்ன விரலு?”

“பென்சில். பேனா இல்லாம போச்சு.”

“ஊருக்கே பேனா குடுத்தவனுக்குப் பேனா இல்லாம போச்சாம்,” என்றார் ரோலண்ட்.

கடையே சிரித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் குழுவின் தலைவரானார். அவர் செய்த முதல் காரியம், தேவாலய வாசலில் நின்று ஊரின் விரல்களை எண்ணியது. நீலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, சாம்பல் எண்ணூற்று நாற்பத்தைந்து. நீலம் என்றால் போவோம், சாம்பல் என்றால் இருப்போம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இது சுத்தத் தப்பு. சும்மா கிடைத்த பேனாவை எடுத்துக்கொண்டு போய் ‘இருப்போம்’ போட்டவர்கள் இருந்தார்கள், பேனா எடுக்கச் சோம்பல்பட்டுப் பென்சிலால் ‘போவோம்’ போட்டவர்களும் இருந்தார்கள். தன் விஷயத்தில் இந்த முடிவு தப்பு என்று பலருக்கும் தெரிந்திருந்தது. அடுத்தவர் விஷயத்தில் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை வாஞ்சையாகக் கூப்பிடுவதென்றால் ‘வாத்து’ என்போம். கிழவனும் வாத்து, கைக்குழந்தையும் வாத்து. மேவிஸ் தன் மீன் கடையில் போதகரையும் போலீஸ்காரரையும் அவர் நாயையும் ஒரே மாதிரி வாத்து என்றுதான் கூப்பிடுவாள். ஜூலை முதல் வாரத்தில் க்ளைவ் கடைக்குப் போனபோது, “உங்களுக்கு என்ன வேணும், சார்?” என்று கேட்டாள். அவருக்கு முகத்தில் அறைந்தது போலாகிவிட்டது. பிறந்ததிலிருந்து மார்ல்பியில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து மீனைச் சாப்பிடாமல் வைத்துவிட்டார் என்று பெரில் சொன்னார்.

வேலையும் போயிற்று. குழாய்க்காரன் என்பவன் அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் கையை நீட்ட வேண்டியவன், ஊர் அந்தக் கையைத்தான் நம்பவில்லை. இருபது மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து வேறொருவனை வரவழைத்தார்கள். அவன் போதகர் வீட்டில் வெந்நீர்க் குழாயைப் பச்சைத் தண்ணீரில் இணைத்துவிட்டுப் போனான். விரல் சுத்தமாக இருந்தது, அது போதும் என்றார்கள். க்ளைவ் ரோலண்டின் கடையிலேயே டர்பன்டைனும் உப்புத்தாளும் வாங்கித் தேய்த்தார். தோல் உரிந்து, புதுத் தோல் இன்னும் கருஞ்சாம்பலாக வந்தது. மதுக்கடையில் வேதாகமத்தின் மேல் கைவைத்து, “நான் போவோம்னுதான் போட்டேன்,” என்று சத்தியம் செய்தார். “சத்தியம் பண்றவனத்தான் முதல்ல சந்தேகப்படணும்னு நீதானப்பா சொல்லிக் குடுத்தே,” என்றார் ரோலண்ட்.

அந்தக் கோடையில் ஊரே கையுறை போட்டுக்கொண்டது. லண்டனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் விரல்களைப் பார்க்க வந்தார். அவர் எடுத்த படத்தில் நாங்கள் நாற்பது பேரும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறோம். ஒரு விரல்கூடக் கிடைக்காமல் அவர் கடற்காகங்களைப் பற்றி எழுதிவிட்டுப் போனார். மேவிஸின் கடையில் மீன் பொட்டலம் கட்டுகிற டனூடா போலந்துக்காரி, பன்னிரண்டு வருடமாக எங்கள் ஊரில் இருப்பவள், வாக்கு இல்லாதவள். அவள் விரல் சுத்தம். அதனால் எல்லோரும் அவள் கையால்தான் பொட்டலம் கேட்டார்கள், ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்தார்கள். இங்கேயே தங்கிக்கொள்ள அவள் மனுப் போட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, ஒவ்வொருவராகத் தனித்தனியே கடைப் பின்வாசலுக்குப் போய், “நீ போயிடாத, வாத்து. உன்னப் போகச் சொன்னது நாங்க இல்ல, மத்தவங்க,” என்றார்கள். டனூடா கேட்டுவிட்டு, “எல்லாரும் மத்தவங்கன்னு சொன்னா, அந்த மத்தவங்க மீன் வாங்க எங்கதான் போறாங்க?” என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள், என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்து வந்த தேர்தலில் மக்கள் பேனாவும் பென்சிலும் இரண்டும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. 2019இல் மட்டும், நாடாளுமன்றம் விலகும் தேதியைத் தள்ளிவைத்த ஒவ்வொரு தடவையும், ஊரில் எல்லோருக்கும் கட்டை விரல் அரித்தது. மார்ச் கடைசி என்றார்கள், ஏப்ரல் என்றார்கள், அப்புறம் அக்டோபர் என்றார்கள். மூன்று முறையும் மருந்துக் கடையில் களிம்பு தீர்ந்துபோனது. நீலமும் சாம்பலும் ஒரே மாதிரி சொறிந்தன. இது யாருடைய சதி என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருந்தது.

பெரில் விஷயத்துக்கு வருகிறேன். பெரிலின் விரல் நல்ல நீலம், ஊரிலேயே அழகான நீலம் என்பார்கள். அவருக்கு எந்தக் குறையும் வரவில்லை. “பாவம் வாத்து, இப்படி ஒருத்தனோட குடும்பம் நடத்துறியே,” என்று மேவிஸ் இரண்டு துண்டு மீன் கூடவே வைத்துக் கொடுப்பாள். என் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டாள் என்று க்ளைவ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய கதை மாறியிருக்கும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால், வாக்குச் சாவடியில் வாக்காளர் அழைப்பு அட்டையை எடுக்கப் பெரில் கைப்பையைத் திறந்தபோது, அதற்குள் அவர் கொடுத்த நீலப் பேனாக்கள் மூன்று கிடந்ததை அவர் பார்த்திருந்தார். மூன்று பேனா இருக்கிறவள் எதற்கு நாலாவதைக் கேட்டாள்? தன்னைப் பென்சில் எடுக்க வைக்கத்தான் கேட்டாளா? நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் அவர் அதைக் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். மூன்றரை வருடம் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் நீல விரலும் சாம்பல் விரலும் எதிரெதிரே உட்கார்ந்து உப்பை நகர்த்திக்கொண்டன.

2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. அன்று இரவோடு நாடு விலகப்போகிறது. வெள்ளிக்கிழமை என்றால் மார்ல்பி முழுக்க மீன் சாப்பிடும், மதியம் பன்னிரண்டுக்கே மேவிஸின் கடை வரிசை தெருமுனையைத் தொட்டது. க்ளைவும் பெரிலும் வரிசையில் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆட்கள். ரோலண்ட் சின்னக் கொடி ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, “இன்னிக்கு நம்ம நாள். நீல விரல் எல்லாம் முன்னாடி வாங்க. சாம்பல் கொஞ்சம் பின்னாடி நில்லுங்க, ஒரு நாளைக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க,” என்றார். மேவிஸ் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து, “வா வாத்து பெரில், நீ முன்னாடி வா. சார், நீங்க கொஞ்சம் ஓரமா,” என்றாள். க்ளைவ் ஓரமாக நகர்ந்தார். பழகிப்போன மனிதர் நகர்வது போல் நகர்ந்தார். அதைப் பார்த்ததும் பெரிலுக்குப் பொறுக்கவில்லை.

கையுறையைக் கழற்றிக் கட்டை விரலை மேவிஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். “இது க்ளைவோட பேனா. அவன் சட்டைப் பையில இருந்தத நான்தான் வாங்கினேன். அதனாலதான் அவன் பென்சில எடுத்தான்.”

“ஏன் பெரில், ஒங்கிட்ட பேனா இல்லையா? வீடு வீடா குடுத்தானே,” என்றார் ரோலண்ட்.

“மூணு இருந்துச்சு. மூணையும் நம்பல, பென்சிலையும் நம்பல. சும்மா குடுக்கற பேனா, காலைல போட்டா ராத்திரிக்குள்ள மை மறைஞ்சு போயிடும்னு நெனச்சேன். தன் சொந்தப் பேனால அவன் அந்த வேலைய வெச்சிருக்க மாட்டான்ல.”

“மறைஞ்சு போற பேனாவ எவனாவது தன் ஆளுங்களுக்கே குடுப்பானா?”

“நான் அவன் ஆளு இல்ல, ரோலண்ட். நான் இருப்போம்னு போட்டேன்.”

ஏன் அப்படிப் போட்டே என்று மேவிஸ் கேட்டாள், குரலில் அழுகையே வந்துவிட்டது. “எங்க வீட்டுக் குளியலறைய வந்து பாரு,” என்றார் பெரில். “நல்லா இருந்த குழாயெல்லாம் புதுசா மாட்டறேன்னு 2011ல கழட்டினான். தொட்டி இன்னிக்கும் கூடத்துலதான் கெடக்கு. கழட்டறது ஒரு நாள் வேலை. மாட்டறது யாருன்னு நான் கேப்பேன், எனக்கு அது பழக்கமாப் போச்சு.” வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தத் தொட்டியை ஊரில் எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

பெரிலைச் சுற்றி ஒரு கெஜத்துக்கு இடம் காலியாகிவிட்டது. யாரும் தள்ளிப் போனதாகத் தெரியவில்லை, ஆனாலும் காலியாகிவிட்டது. ரோலண்ட் க்ளைவின் பக்கம் திரும்பி வலது கையை நீட்டினார். “அப்ப நீ சொன்னதெல்லாம் நெசந்தான். பென்சில்லயே போவோம்னு போட்டிருக்கே. தப்பு எங்க மேல, வாத்து. ஒரு வார்த்தை சொல்லு, ராத்திரி கொண்டாட்டத்துல நீதான் முதல்ல பேசறே.” மூன்றரை வருடத்தில் க்ளைவ் கேட்ட முதல் வாத்து அது. அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆமாம் என்றால் முடிந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வினிகர் பாட்டில் பக்கத்தில் தனியாக நின்ற பெரிலைப் பார்த்தார்.

“நான் என்ன போட்டேன்னு எனக்கும் அந்தப் பென்சிலுக்கும் தெரியும். ஒனக்கு எதுக்கு?”

“மூணரை வருஷமா ஊரக் கூட்டி நீதானே கத்தினே?”

“கத்தினேன். இனிமே கத்த மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, காலியான இடத்துக்குள் போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“மடையா. சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே,” என்றார் பெரில்.

“நீ தனியா நிக்கிறே.”

பெரில் தன் கைப்பையைப் பார்த்தார். “பையில மூணு இருந்தத நீ பாத்தியா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றார் க்ளைவ். “பாத்துட்டா இவ்வளவு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தே,” என்றார் பெரில். அதற்கு மேல் அவர்கள் பேசியது என் காதில் விழவில்லை, நானும் இரண்டடி முன்னால் போய்த்தான் பார்த்தேன்.

அப்போது வரிசையில் யாரோ, “பெரிலே அப்படின்னா, மத்த நீலமெல்லாம்?” என்று கேட்டார்கள். எல்லோரும் எல்லோருடைய விரலையும் பார்த்தோம். “ரோலண்ட், ஒன்னோடது எந்தப் பேனா?” என்று ஒரு குரல் வந்தது. அவர் நீட்டியிருந்த கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மார்ல்பியில் இரண்டாயிரத்து எழுநூறு பேரும் ஒரே அளவு சந்தேகத்துக்கு உரியவர்களாக ஆனது அந்த நிமிடத்தில்தான். அதற்கப்புறம் யாரை விட்டு யாரை ஒதுக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மீன் கருகப்போகிறது என்று டனூடா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். மேவிஸ் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “யாருக்கு என்ன வேணும், சொல்லுங்க. வினிகர் போடவா, வாத்து?” என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. க்ளைவ்தான் “போடு” என்றார்.

அன்று இரவு பதினொரு மணிக்கு நாடு விலகியது. விரல்கள் மாறவில்லை. இப்போதும் அப்படியேதான் இருக்கின்றன. இறந்தவர்களைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கிறவர் கட்டை விரலை மட்டும் தேய்ப்பதில்லை, தேய்த்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் அப்பா அம்மா படம் வரைந்தால் கட்டை விரலுக்கு நீலமோ சாம்பலோ தீட்டுகிறார்கள், ஆசிரியர்கள் திருத்துவதில்லை. டனூடாவுக்கு அனுமதி கிடைத்தது, ஊரில் பாதிச் சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. க்ளைவுக்கு வேலை வருகிறது, குளியலறைத் தொட்டியையும் அந்த மார்ச்சிலேயே மாட்டிவிட்டார், ஒரு மூட்டு மட்டும் சொட்டுகிறது. என் விரல் என்ன நிறம் என்று நீங்கள் கேட்கக் கூடாது, எழுதும்போது நான் கையுறை போட்டுக்கொள்வது வழக்கம். பெரில் இன்றும் எதிலாவது கையெழுத்துப் போட வேண்டுமென்றால் தன் கைப்பையைத் திறப்பதில்லை. க்ளைவின் பக்கம் கையை நீட்டுகிறார், அவர் எதற்கு என்று கேட்காமல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுக்கிறார்.